கோலா தெர்லா தண்ணீரும் நம் வீட்டு மோட்டாரும்

கேமரன் மலையில், கம்போங் ராஜாவிலிருந்து திரிங்காப் நோக்கி வரும் சாலையில் கோலா தெர்லா என்று ஓர் இடம் இருக்கிறது. சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள், பிளாஸ்டிக் கூரைகள், வயதான லேண்ட்ரோவர் வண்டிகள். ஸ்ட்ராபெரி பறிக்கவும் தேயிலை மலையில் படம் பிடிக்கவும் வருகிற பட்டணத்துக்காரர்களுக்கு இது சாலையோரத்து ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். மலாய்மொழியில் 'கோலா' என்றால் ஆறும் ஆறும் சேருமிடம். நம் பெரியவர்கள் கூடுதுறை என்பார்களே, அதுதான். தெர்லா ஆறு வந்து தெலோம் ஆற்றில் விழுகிற இடம் என்பதால் இந்தப் பெயர்.

வாசகர்களே, இந்தச் சின்ன ஊரில் ஒரு மின்சார நிலையம் இருக்கிறது. மிகவும் சிறியது. அரை மெகாவாட் சக்திதான். ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் இறக்கி, சக்கரத்தைச் சுற்றவிட்டு, மறுபடியும் ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். புகை இல்லை, கரி இல்லை, எண்ணெய் இல்லை. இன்றைக்குப் பத்திரிகையைத் திறந்தால் 'புதுப்பிக்கத்தக்க எரிசக்தி' என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள் அல்லவா? அந்தச் சங்கதி நம் மலைக்கு அறுபது ஆண்டுக்கு மேலான பழக்கம்.

இப்போது அதைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. மின்சாரக் கார், மின்சார மோட்டார் என்று தோட்டத்துப் பிள்ளைகள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "வாங்கலாமா, லாபமா, மலை ஏறுமா, பேட்டரி வெடிக்குமாமே" என்று ஆளுக்கொரு கேள்வி. விற்பனைக்காரர் ஒரு பக்கம் இழுக்கிறார், கைப்பேசியில் வரும் கதைகள் இன்னொரு பக்கம் பயமுறுத்துகின்றன. நாம் இரண்டையும் விட்டுவிட்டு, நம் காலடியில் ஓடும் தண்ணீரிலிருந்தே கணக்கைத் தொடங்குவோம்.

கிழக்கே போக வேண்டிய தண்ணீர்

தெலோம் ஆறு இயற்கையாகக் கிழக்கே ஓடும் ஆறு. ஜெலாய் ஆற்றில் கலந்து, பகாங் ஆறாகி, பெக்கான் பக்கம் தென்சீனக் கடலில் போய்ச் சேர வேண்டியது. ஆனால் கேமரன் மலைத் திட்டத்தைப் போட்ட பொறியாளர்கள் அதன் தலையெழுத்தையே மாற்றிவிட்டார்கள். மலையைக் குடைந்து சுரங்கக் குழாய் அமைத்து, தெலோம் தண்ணீரைப் பெர்த்தாம் ஆற்றுப் பக்கம் திருப்பினார்கள். வழியில் ஹபுவில் ஒரு நிலையம், 5.5 மெகாவாட். அங்கே சக்கரத்தைச் சுற்றிவிட்டு வருகிற தண்ணீர் ரிங்லெட் ஏரியில் சேருகிறது. சாலையோரத்தில் நீங்கள் பார்க்கும் அந்த ஏரி ஆண்டவன் படைத்ததல்ல; சுல்தான் அபூபக்கார் அணையைக் கட்டியதால் உண்டானது.

ஏரியிலிருந்து இன்னொரு சுரங்கம். அது மலைக்கு அந்தப் பக்கம், பேராக் மாநிலத்துக்குள், ஐந்நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்குகிறது. கீழே பாறைக்குள் குடைந்த ஜோர் நிலையம் இருக்கிறது. சுல்தான் யூசுப் நிலையம் என்பது அதன் முழுப்பெயர். 100 மெகாவாட். அங்கிருந்தும் தண்ணீரைச் சும்மா விடுவதில்லை. இன்னும் கீழே வோ நிலையத்தில் 150 மெகாவாட். இத்தனை வேலையும் பார்த்த பிறகுதான் அது மேற்கே இறங்கி மலாக்கா நீரிணைக்குப் போகிறது. தென்சீனக் கடலுக்குப் பிறந்த தண்ணீர் மலாக்கா நீரிணையில் போய் முடிகிறது!

இந்தத் திட்டத்துக்குப் பணம் வந்த கதையும் தெரிந்துகொள்ள வேண்டியதே. சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு, 1958-இல், உலக வங்கி மலாயாவுக்கு 3 கோடியே 56 லட்சம் அமெரிக்க டாலர் கடன் கொடுத்தது. ஜோர் நிலையம் 1963-இல் ஓடத் தொடங்கியது. அதே 1963 டிசம்பரில்தான் நம் நாட்டில் தொலைக்காட்சியும் தொடங்கியது. அப்போது மின்சாரத்தை நடத்தியது மத்திய மின்சார வாரியம். அது 1965-இல் தேசிய மின்சார வாரியமானது. 1990-இல் தெனாகா நேஷனல் நிறுவனமாக மாறியது. நம் பெரியவர்களில் பலர் இன்றும் 'எல்.எல்.என்.' என்றுதான் சொல்கிறார்கள்.

பகாங் மாநிலத்துக்கு இதில் இன்னும் பழைய பெருமை ஒன்று உண்டு. ரவுப் தங்கச் சுரங்கத்துக்காகச் செம்பாம் ஆற்றில் 1900-ஆம் ஆண்டு வாக்கிலேயே நீர் மின்சாரம் எடுத்தார்கள். தங்கம் தோண்ட மின்சாரம் வந்தது. தோண்டியவன் குடிசைக்கு வந்ததா என்று கேட்காதீர்கள்.

கம்பி தலைக்கு மேல், இருட்டு கூரைக்குக் கீழ்

அந்தக் கேள்வியைச் சும்மா போகிறபோக்கில் கேட்கவில்லை. தேயிலையும் நீர் மின்சாரமும் உலகமெங்கும் ஒரே மலையில் பிறக்கின்றன. இரண்டுக்கும் மழை வேண்டும், உயரம் வேண்டும், சரிவு வேண்டும். இந்தியாவில் முதல் நீர் மின்சார நிலையம் 1897-இல் டார்ஜிலிங் மலையில் சிட்ராபோங்கில் அமைந்தது. தமிழ்நாட்டு நீலகிரியில் பைக்காரா 1932-இல் வந்தது. மூணாறு மலையில் பள்ளிவாசல் 1940-இல். இலங்கையில், விமலசுரேந்திரா என்ற பொறியாளர் பல ஆண்டுகள் வாதாடியதன் பலனாக, லக்சபான திட்டம் 1950-இல் மலையகத்தில் ஓடத் தொடங்கியது. பின்னால் மவுசாக்கலை நீர்த்தேக்கம் வந்தபோது பழைய மஸ்கெலியா ஊரே தண்ணீருக்கடியில் போனது. வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயில் இன்றும் தலைகாட்டும்.

இந்த மலைகளிலெல்லாம் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள்தாம். கம்பி அவர்கள் தலைக்கு மேலே போயிற்று. லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. நம் நாட்டிலும் தோட்டத்துக்குத் தோட்டம் நிலைமை வேறுபட்டாலும், ரொம்ப காலம் தோட்ட 'ஜெனரேட்டர்'தான் தெய்வம். பொழுது சாயும்போது ஓடவிடுவார்கள், பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். படத்தில் கதாநாயகனும் வில்லனும் கட்டிப் புரளும்போது திடீரென்று இருட்டாகிவிடும். யார் ஜெயித்தார் என்பதை மறுநாள் பெரட்டில் பட்டணத்து உறவினர் உள்ளவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.

சட்டம் பிறகுதான் வந்தது. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டம், தோட்டத்தில் தங்கியிருக்கும் தொழிலாளிக்குக் குழாய்த் தண்ணீரும் போதுமான மின்சாரமும் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை என்கிறது. இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஐந்து டிரம் தண்ணீருக்கு என்ன கிடைக்கும்?

இப்போது கணக்குக்கு வருவோம். மின்சாரத்தை 'யூனிட்' என்று அளக்கிறார்கள். ஆயிரம் வாட் சக்தியுள்ள ஓர் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் விடாமல் சூடானால் ஒரு யூனிட்.

வீட்டு ஓரத்தில் மழைத் தண்ணீர் பிடிக்கும் 200 லிட்டர் டிரம் இருக்கிறதல்லவா, அதில் ஐந்து டிரம் தண்ணீர் ஒரு டன் எடை. அந்த ஒரு டன் தண்ணீர் ரிங்லெட்டிலிருந்து ஜோர் வரை இறங்கினால், வீணாவது போக ஏறத்தாழ ஒன்றேகால் யூனிட் மின்சாரம் கிடைக்கிறது. ஒரு சாதாரண மின்சார மோட்டார்சைக்கிள் 100 கிலோமீட்டர் ஓட மூன்று, நான்கு யூனிட் போதும். அதாவது பதினைந்து டிரம் தண்ணீர் ஒரு தடவை மலை இறங்கினால் உங்கள் மகன் கோலா தெர்லாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சில தடவை போய் வந்துவிடலாம். தண்ணீரும் செலவழிந்து போவதில்லை. வோ நிலையத்தில் போய் இன்னொரு வேலை பார்க்கும்.

கோலா தெர்லா நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அரை மெகாவாட் என்பது 500 கிலோவாட். வீட்டில் காருக்குப் பொருத்தும் சார்ஜ் பெட்டி பெரும்பாலும் 7 கிலோவாட் இழுக்கும். முழுச் சக்தியில் ஓடும்போது இந்தக் குட்டி நிலையம் ஒரே நேரத்தில் எழுபது கார்களுக்கு மின்சாரம் ஊட்டும். பண்டிகை விடுமுறையில் பிரிஞ்சாங் சாலையில் நிற்கும் கார்களை நினைத்தால் எழுபது ஒன்றும் பெரிய எண்ணிக்கை இல்லை என்பதும் விளங்கும். முழு நாட்டின் காரும் மோட்டாரும் மின்சாரத்துக்கு மாற வேண்டுமென்றால் எத்தனை ஆறு, எத்தனை சூரியத் தகடு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

அரசாங்கம் 2023-இல் வெளியிட்ட தேசிய எரிசக்தி மாற்றத் திட்டத்தில், 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க வகையாக இருக்க வேண்டும் என்று குறி வைத்திருக்கிறார்கள். மின்சார வாகனங்களின் பங்கையும் பெரிய அளவில் கூட்ட வேண்டுமாம். இன்றைக்கோ தீபகற்பத்தின் மின்சாரத்தில் பெரும் பங்கு நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் வருகிறது. ஆகவே மின்சாரக் காரை வாங்கிய மறுநாளே உலகத்தைச் சுத்தம் செய்துவிட்டதாக யாராவது மார்தட்டினால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கம்பியில் வரும் மின்சாரத்துக்குச் சாதி இல்லை. கோலா தெர்லா தண்ணீரும் மஞ்சோங் நிலக்கரியும் ஒரே கம்பியில்தான் கலந்து வருகின்றன. ஆனாலும் மின்சார வண்டி தனக்குக் கிடைக்கும் சக்தியை வீணடிப்பது குறைவு. பெட்ரோல் இயந்திரம் குடிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி வெறும் சூடாகப் போய்விடுகிறது.

மின்சார வாகனமே புதுமை என்று நினைக்கவும் வேண்டாம். பினாங்கு ஜார்ஜ் டவுனில் 1906-இலேயே மின்சார டிராம் ஓடியது. பிறகு தலைக்கு மேல் கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடும் டிராலி பஸ் வந்து, 1961 வரை ஓடியது. வயதான பினாங்குக்காரர் யாரையாவது கேட்டால் கதை கதையாகச் சொல்வார்.

மலை இறங்கும் வண்டியும் ஒரு மின்சார நிலையம்

மின்சார வண்டி மலை ஏறுமா என்று கேட்பவர்களுக்கு: ஏறும், நன்றாகவே ஏறும். கியர் மாற்றித் திணற வேண்டியதில்லை. ஆனால் ஏற்றத்துக்குக் கூலி உண்டு. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சுமார் 1,400 மீட்டர் உயரம். ஒன்றரை டன்னுக்குச் சற்று மேற்பட்ட காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் ஆறு யூனிட் வேண்டும். ஓடும் செலவு அதற்கு மேல். சம தரையில் இவ்வளவு தூரம் போகும் என்று கடைக்காரர் சொல்லும் கணக்கை மலைப் பாதையில் நம்பிவிடக்கூடாது.

வேடிக்கை இறக்கத்தில்தான் இருக்கிறது. பெட்ரோல் கார் மலை இறங்கும்போது பிரேக்கை மிதித்து மிதித்து அந்தச் சக்தியையெல்லாம் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம். பிரேக் தீய்ந்த நாற்றம் தாப்பா சாலையில் போனவர்களுக்குப் பழக்கமானது. மின்சாரக் காரோ இறக்கத்தில் தன் மோட்டாரையே ஜெனரேட்டராக மாற்றிக்கொள்கிறது. சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது. ஏறச் செலவழித்ததில் பாதி அளவாவது மீளக்கூடும். ஜோர் நிலையத்தில் தண்ணீர் செய்கிற அதே வேலையை இங்கே காரின் எடை செய்கிறது.

இதில் ஒரு சூட்சுமம். மலை உச்சியில் பேட்டரியை நூற்றுக்கு நூறு நிரப்பிக்கொண்டு இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது. வண்டி பழையபடி பிரேக்கைத்தான் நம்ப வேண்டிவரும். மேலே இருப்பவர்கள் கொஞ்சம் காலியாக வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது. மின்சார மோட்டார்சைக்கிள்களில் எல்லா வகைக்கும் இந்த வசதி கிடையாது; கேட்டு வாங்க வேண்டும்.

இதை எழுதும்போது நம் காய்கறி லோரிகளின் நினைவு வருகிறது. கோஸ், தக்காளி, கீரை என்று பாரம் ஏற்றிக்கொண்டு இரவில் கீழே இறங்குகின்றன. திரும்பும்போது பல லோரிகளில் சுமை குறைவு. ஸ்விட்சர்லாந்தில் பியல் நகருக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டு நிறுவனத்தின் கல் சுரங்கத்தில் இதே மாதிரி நிலைமை. மலை மேல் கல்லை ஏற்றி, கீழே கொட்டிவிட்டு, காலியாக ஏறும் ஒரு பெரிய லோரியை மின்சாரத்துக்கு மாற்றினார்கள். பாரத்தோடு இறங்கும்போது கிடைக்கும் மின்சாரமே காலியாக ஏறுவதற்குப் பெரும்பாலும் போதுமானதாகிவிட்டது. நம் லோரிகள் ஈப்போவையும் கோலாலம்பூரையும் தாண்டிப் போகிறவை. அதே கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வரை மட்டும் ஓடும் வண்டி என்றால்? யாராவது ஒரு லோரி முதலாளி இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சம்பளக் கவரை வைத்துப் பார்த்தால்

காரை விடுங்கள். தோட்டத்து வீட்டில் ஓடுவது மோட்டார்சைக்கிள்தான். தோட்டத்திலிருந்து பள்ளிக்கூடம், கிளினிக், பசார், சில நாள் கோயில் என்று ஒரு மாதத்துக்கு 500 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கப்சாய் மோட்டார் 100 கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டர் குடித்தால் மாதம் 10 லிட்டர். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய 'பூடி 95' உதவியில் குடிமக்களுக்கு லிட்டர் 1 வெள்ளி 99 காசு. ஆக மாதம் இருபது வெள்ளி.

அதே தூரம் மின்சார மோட்டாருக்கு, சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்து, இருபது யூனிட் என்று வைக்கலாம். 2025 ஜூலையில் வந்த கட்டண முறையில், மாதம் 200 யூனிட்டுக்குள் புழங்கும் வீட்டுக்குச் சிக்கனத் தள்ளுபடி போக யூனிட்டுக்கு இருபது காசை ஒட்டி வருகிறது. ஆக நான்கு வெள்ளி. மிச்சம் பதினாறு வெள்ளி. நல்லதுதான்! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மின்சார மோட்டார் பெட்ரோல் மோட்டாரைவிட ஆயிரம் வெள்ளி கூடுதல் விலை என்றால், மாதம் பதினாறு வெள்ளி மிச்சத்தில் அந்த ஆயிரம் திரும்பி வர ஐந்து ஆண்டுக்கு மேலாகும். எஞ்சின் எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை, ஸ்பார்க் பிளக் இல்லை என்று கொஞ்சம் மிச்சமாகலாம். பேட்டரி தேய்ந்தால் அந்த மிச்சத்தை அது விழுங்கிவிடும். இன்னொன்று: வீட்டுப் புழக்கம் 200 யூனிட்டைத் தாண்டினால் தள்ளுபடி படிப்படியாகக் குறையும். மோட்டாருக்குப் போட்ட இருபது யூனிட், மற்ற யூனிட்டுகளின் விலையையும் சேர்த்து ஏற்றிவிடக்கூடும். பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆகவே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை விற்றுவிட்டுக் கடன் வாங்கி மின்சார மோட்டார் எடுப்பது புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. பழையது உயிரை விட்டு, எப்படியும் புதிது வாங்க வேண்டும் என்ற நிலை வந்தால் அப்போது இரண்டையும் ஒப்பிடுங்கள். நாள்தோறும் நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு, பொட்டலம் விநியோகிக்கும் பிள்ளைகளுக்கு, கணக்கு வேறு. அவர்களுக்கு இது சீக்கிரமே லாபம் தரும். 2024 வரவு செலவுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 120,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கு மின்சார மோட்டார் வாங்க 2,400 வெள்ளி வரை கழிவு அறிவித்தார்கள். இப்படிப்பட்ட கழிவுகள் வரும், தீரும். வாங்கப் போகும் அன்று எது நடப்பில் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியில் மலிவு விலையில் காட்டும் எல்லா மின்சார வண்டியும் சாலைக்கு ஏற்றதல்ல. சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவாகி, எண் பலகை கட்டக்கூடியதுதானா என்று முதலில் கேளுங்கள். பதிவில்லாத வண்டியைச் சாலையில் ஓட்டினால் அபராதம் ஒரு பக்கம், விபத்து நேர்ந்தால் காப்புறுதி இல்லாத கொடுமை இன்னொரு பக்கம்.

ஏரியை நிரப்புவது தண்ணீர் மட்டுமல்ல

இவ்வளவு நேரம் நீர் மின்சாரத்தைப் புகழ்ந்தாயிற்று. அதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் பெர்த்தாம் பள்ளத்தாக்கு மக்களுக்குத் துரோகம் செய்தவர்களாவோம்.

2013 அக்டோபர் 23, பின்னிரவு. இடைவிடாத மழையில் ரிங்லெட் ஏரி நிரம்பி, அணையைக் காப்பாற்றத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். எச்சரிக்கைச் சங்கு ஊதியது. ஆனால் தூக்கத்திலிருந்த பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் வீடுகளையும் கார்களையும் அடித்துக்கொண்டு போனது. மூவருக்குக் குறையாமல் உயிர் போயிற்று. மறு ஆண்டு நவம்பரில் சேறும் வெள்ளமும் மறுபடி வந்து உயிர்ப்பலி வாங்கின.

காரணத்தைத் தேடிப் போனால் ஒன்றல்ல, பல. மேலே காடு அழிந்தது. மழை பெய்யும்போது காட்டு மண் அதிகம் கரையாது. தேயிலைத் தோட்ட மண் அதைவிடக் கரையும்; நன்றாக மூடி வளர்ந்த தேயிலைச் செடி ஓரளவு தாங்கிப் பிடிக்கும். வெறும் மண்ணாகக் கொத்திவிட்ட காய்கறித் தோட்டத்திலிருந்தோ சேறாக ஓடும். பிளாஸ்டிக் கூரையில் விழும் மழை நிலத்தில் ஊறாமல் ஒரேயடியாக ஆற்றில் பாயும். அந்தச் சேறு முழுவதும் ஏரியின் அடியில் போய்ப் படிகிறது. எண்பது ஆண்டு தாங்கும் என்று வடிவமைத்த ஏரி, பாதி ஆயுளிலேயே சேற்றால் திணற ஆரம்பித்துவிட்டது. ஏரியில் சேறு நிறைந்தால் தண்ணீருக்கு இடம் குறைகிறது. ஒரு பெருமழைக்கே நிரம்பித் திறக்க வேண்டியதாகிறது. கீழே ஆறும் சேற்றால் ஒடுங்கி, கரையோரத்தில் வீடுகள் நெருங்கி நின்றால் விளைவு என்ன ஆகும் என்பதை அந்த இரவு காட்டிவிட்டது. தெனாகா நிறுவனம் ஆண்டுதோறும் சேற்றை வாரிக்கொண்டிருக்கிறது. மழை ஆண்டுதோறும் கொண்டுவந்து கொட்டுகிறது. 2014-இல் 'ஓப்ஸ் காடிங்' என்ற பெயரில் அனுமதியில்லாத தோட்டங்களை அரசாங்கம் இடித்தது. அனுமதி பெற்ற தோட்டத்து மண்ணும் கரையத்தான் செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

கீழே பெர்த்தாம் ஆற்றில் சூசு அணை கட்டி, 372 மெகாவாட் உலு ஜெலாய் நிலையம் 2016-இல் வந்தது. பழைய திட்டம் முழுவதையும்விடப் பெரியது. இந்த மலைகளில் நமக்கு முன்பே காலங்காலமாக வாழும் செமாய் பூர்வகுடி மக்களின் ஆறுகள்தாம் இவை. மின்சாரத்தின் பலனை எண்ணும்போது அவர்கள் ஆற்றில் மீன் குறைந்ததையும் அதே ஏட்டில் எழுதத்தான் வேண்டும். புகையில்லாத மின்சாரம் என்பதால் அதற்கு விலையே இல்லை என்று ஆகிவிடாது.

தோட்டத்தில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். மின்சார மோட்டாருக்கு வெளியே சார்ஜ் நிலையம் தேடி அலைய வேண்டியதில்லை. சாதாரண மூன்று முள் பிளக் போதும். இரவில் குத்திவிட்டுத் தூங்கினால் காலை பெரட்டுக்கு முன் நிரம்பியிருக்கும். கழற்றி எடுக்கும் பேட்டரி உள்ள வண்டி என்றால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிடலாம். ஆனால் படுக்கும் அறையிலும் வாசற்கதவுக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். தீ என்று ஒன்று வந்தால் வெளியே ஓடும் வழியை அதுவே அடைத்துவிடும். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு மலிவு சார்ஜரைப் போடக்கூடாது. விழுந்து அடிபட்ட பேட்டரியைச் சந்தேகத்தோடு பாருங்கள். கேமரன் குளிர் பேட்டரிக்குக் கெடுதலில்லை. கீழ்நாட்டு வெயிலைவிட நல்லது என்றே சொல்லலாம். மழையும் ஈரமும்தான் பிளக்குக்கு எதிரி.

பல தோட்டங்களில் வீடு முதலாளியுடையது, வயரிங் பழையது. ஒரு சாக்கெட்டிலிருந்து நீட்டு வயர் போட்டு, அதிலிருந்து இன்னொன்று போட்டு, ஜன்னல் வழியாக மோட்டாருக்கு இழுப்பது ஆபத்து. வரிசை வீட்டில் ஒரு வீட்டுத் தீ ஒரு வீட்டோடு நிற்பதில்லை. நிர்வாகத்திடம் கேட்டு, மின்கம்பியாளர் வந்து பார்த்த பிறகு செய்வதே முறை.

தனியாளாகக் கேட்பதைவிடச் சேர்ந்து கேட்பது நல்லது. மேலே சொன்ன 1990-ஆம் ஆண்டுச் சட்டம் போதுமான மின்சாரம் கொடு என்கிறது. மோட்டார் சார்ஜ் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அது எழுதிய காலத்தில் யார் நினைத்தார்கள்? ஆனால் பொதுக் கொட்டகையில், தனி மீட்டரோடு, நான்கைந்து சாக்கெட் வைத்துக் கொடுங்கள் என்று கேட்பதற்குச் சட்டம் தடையும் அல்ல. தோட்டச் சங்கக் கிளைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளலாம். இன்று கொழுந்து வெட்டும் கைகளில் வங்காளதேசத்தவர், நேப்பாளியர், இந்தோனேசியர் கைகள் மிகுதி. அவர்களையும் அழைத்து உட்கார வைத்துப் பேசினால் கோரிக்கைக்குக் கனம் கூடும்.

கேட்கும்போது மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேளுங்கள். மின்சாரத்துக்கு என்ன விலை போடுவீர்கள். தெனாகா கட்டணத்துக்கு மேல் காசு கூட்டுவீர்களா? கொட்டகைக்குக் கூரையும் தீயணைப்புச் சிலிண்டரும் யார் பொறுப்பு? ஓய்வு பெற்றுத் தோட்டத்து வீட்டிலேயே இருக்கும் பெரியவர்களின் பிள்ளைகள் வந்து சார்ஜ் செய்யலாமா, கூடாதா? கடைசிக் கேள்வியைக் கேட்க மறந்துவிடாதீர்கள். மோட்டார் வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அவர்கள்தாம்.